விளிக்க வருகிறேன்

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பெங்களூர் வந்து இறங்குவேன். குழித்துறையில் ரயில் ஏறுகிறேன், டிக்கெட் எடுத்தாயிற்று. ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். ஆட்டோ பிடித்து உன் அடுக்குமாடிக்கு வந்துவிடுவேன், முகவரி என்னிடம் இருக்கிறது. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். உங்களோடு நாலு நாள் தங்கிப் போக நான் வரவில்லை. ஆஸ்பத்திரியில் காட்டவும் வரவில்லை. கம்பெனிக்குப் புது மானேஜரைத் தீர்மானிக்க நம் குடியில் கூட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு உன்னை விளிக்க வருகிறேன். நீ பதில் சொல்வாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் கிளம்புகிறேன்.

இதை உனக்கு மட்டும் எழுதியிருக்கலாம். போனில் சொல்லியிருந்தால் இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும். பத்திரிகைக்குக் கொடுத்ததற்குக் காரணம், நீ பேசியதும் பொதுமேடையில்தான். போன மாதம் அந்த வீடியோ நம் கம்பெனி வாட்ஸப் குழுவுக்கு வந்து சேர்ந்தது. கோட்டு போட்டு, கன்னத்தோரம் மைக் ஒட்டி, நீ மேடையில் நடந்துகொண்டே பேசினாய். பின்னால் திரையில் நம் அணையின் படம். அதற்கு மேல் பெரிய எழுத்தில் இன்டிஜினஸ் லீடர்ஷிப் என்று போட்டிருந்தது. ஒரு நிறுவனத்தை நடத்துகிறவர்கள் பழங்குடி மக்களிடம் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போனாய். நன்றாகத்தான் பேசினாய். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் தொண்டை வற்றப் பேசினவள் நான், பேச்சு நன்றாக இருந்தால் எனக்குத் தெரியும். மேல்குடிக்காரர்கள் கம்பெனியை விட்டு விலகி நின்றபோது நான் வீடு வீடாகப் போய் அழைத்தேன் என்று நீ சொன்ன இடத்தில் வீடியோவை நிறுத்தினேன். பின்னால் தள்ளி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தேன். நான் என்றுதான் சொல்லியிருந்தாய். வலித்தது, மக்கா. அதை மூடிவைத்துவிட்டு மற்றதை எழுத எனக்கு வராது.

படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, நீ பொறுத்துக்கொள். நாங்கள் காணிக்காரர்கள். பேச்சிப்பாறை அணையை ஒட்டிய மலையில் எங்கள் வீடுகள் இருக்கின்றன. அணைக்கு இந்தப் பக்கம் கீழ்க்குடி. வள்ளத்தில் தண்ணீரைக் கடந்து ஏற்றம் ஏறினால் மேல்குடி. குடிக்குத் தலைவர் மூட்டுக்காணி. கூட்டம் என்றால் அதற்கு ஆட்களை விளிக்கிறவர் விளிக்காணி. மற்றக் குடிகளில் எப்படியோ, எங்கள் குடிகளில் அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. விளிக்காணி முற்றத்தில் நின்று வீட்டுக்காரனின் பெயரைச் சொல்லி விளிப்பார். எந்த நாள், என்ன காரியம் என்று சொல்வார். உள்ளேயிருந்து கேட்டேன் என்று பதில் வர வேண்டும். அது வரும்வரை வீட்டுக்குள் நுழையவோ ஒரு வாய் வெள்ளம் குடிக்கவோ கூடாது. ஆள் இல்லையென்றால் திரும்பிப் போய் மறுபடி வர வேண்டும். கேட்டேன் என்று சொன்னவன் கூட்டத்துக்கு வந்தாலும் வராவிட்டாலும் அதன் முடிவு அவனுக்கும் சேர்த்துத்தான். விளிக்கப்படாதவனுக்கு அந்த முடிவோடு சம்பந்தமில்லை. அவனை யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

உன் அப்பாதான் விளிக்காணியாக இருந்தார். அது உனக்கு ஓர்மை இருக்கும். உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. எல்லா வீட்டிலும் விளித்து முடித்துவிட்டுக் கடைசியில் நம் முற்றத்துக்கு வருவார். நம் வீட்டையும் விளிக்க வேண்டுமே. நிமிர்ந்து நின்று தன் பெயரைத் தானே சத்தமாக விளிப்பார். காரியத்தைச் சொல்வார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தித் தானே கேட்டேன் என்பார். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து சாயா கேட்பார். கல்யாணமான புதிதில் இதைப் பார்த்து அடுப்படியில் நின்று சிரித்தேன். எனக்க பேரு எங்க என்று கேட்டதற்கு, "உனக்கு நான் வந்து சொல்லுதேன்லா, பின்ன உனக்கு எதுக்கு விளி?" என்றார். முறை இது, நான் என்ன செய்ய என்று முகத்தை வைத்துக்கொண்டார். அவர் நல்ல மனிதர். ஆனாலும் அவர் இருந்த காலம் முழுக்க எந்த முற்றத்திலும் ஒரு பெண்ணின் பெயர் விளிக்கப்படவில்லை. உன் மேடைப் பேச்சில் நம் முறைகளையெல்லாம் மெழுகி வெள்ளையடித்துக் காட்டினாய். இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அப்பா போன பிறகு மூட்டுக்காணி வேறு ஒருவரை விளிக்காணியாக வைக்கவில்லை. எல்லார் கையிலும் போன் வந்துவிட்டது, இனி என்ன விளி என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நீ எம்.பி.ஏ. முடித்து வந்து கம்பெனியை எடுத்து நடத்தினாய். இரண்டு குடிக்காரர்களும் பங்குதாரர்கள். நல்லமிளகும் தேனும் கிராம்பும் அவர்கள் கொண்டுவந்து தருவார்கள், கம்பெனி விற்றுக் கொடுக்கும். நீ வந்த பிறகுதான் எடைபோடுவதில் சண்டை நின்றது. மிளகு காயப் போடக் களம் வந்தது, மழைக்குக் கூரை வந்தது. வெளியூர்க்காரர்களுக்கு நிமிர்ந்து பதில் சொல்ல நம்மில் ஒருவன் இருக்கிறான் என்று எல்லாருக்கும் ஒரு தெம்பு இருந்தது. எனக்கும் இருந்தது. சந்தைக்குப் போகும்போது மானேஜருக்க அம்மா என்று யாராவது சொன்னால் காதில் விழாத மாதிரி நடந்துகொண்டே இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று பார்ப்பேன்.

போன வருடம் கொச்சியிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்தார். மிளகு முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், நல்ல விலை தருகிறேன், ஆனால் பங்குதாரர் யாரும் வெளியே ஒருவருக்கும் ஒரு பிடிகூட விற்கக் கூடாது என்றார். நீ வாட்ஸப்பில் கூட்டத்துக்கு அறிவிப்புப் போட்டாய். கீழ்க்குடி வந்தது. நானும் பங்குதாரர் என்று வந்து உட்கார்ந்தேன். சட்டப்படி வேண்டிய ஆள் சேர்ந்துவிட்டது. நீ திரையில் படம் காட்டிப் பேசினாய், கை தூக்கச் சொன்னாய், தூக்கினோம். மூட்டுக்காணி மட்டும் கையைத் தூக்கவில்லை, மறுக்கவும் இல்லை. வயதானவர், தூங்கிவிட்டார் என்று நீ நினைத்தாய். மேல்குடியில் சிக்னல் கிடையாது. அவர்கள் சந்தைக்கு இறங்கி வந்தபோது உன் அறிவிப்பு அவர்கள் போனில் வந்து விழுந்திருக்கிறது. பார்த்திருக்கிறார்கள், திரும்ப மலை ஏறிவிட்டார்கள்.

அறுவடை வந்தது. கீழ்க்குடி மிளகு களத்துக்கு வந்தது, மேல்குடி மிளகு வரவில்லை. நீ ஷூ போட்டுக்கொண்டு வள்ளத்தில் போனாய். உனக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துக் கொடுத்தார்கள். யானை இறங்கின கதையைச் சொன்னார்கள், ரப்பர் விலையைப் பற்றிப் பேசினார்கள். மிளகு என்று நீ வாயெடுத்தபோதெல்லாம் பாக்கலாம் மக்கா என்றார்கள். திட்டவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து, மேல்குடியில் முன்பிருந்தே மிளகு வாங்கும் அருமனை வியாபாரி காசு காட்டி அவர்களை இழுத்துவிட்டான் என்று நீ முடிவு கட்டினாய். அவர்களைக் கம்பெனியிலிருந்து நீக்க ஒரு நோட்டீஸ் தயார் பண்ணி, தமிழ் சரியா என்று பார்க்க என்னிடம் தந்தாய்.

பார்த்தேன். வல்லினம் மிக வேண்டிய இடத்தில் விட்டிருந்தாய். கூட்ட அறிவிப்பை பெற்ற பிறகும் என்று எழுதியிருந்தாய், அறிவிப்பைப் பெற்ற என்று ஒரு ப் போட்டேன். போட்டுவிட்டு அந்தப் பெற்ற என்ற சொல்லிலேயே பேனா நின்றுவிட்டது. இலக்கணம் சரியாகிவிட்டது, விஷயம் சரியாக இல்லை. உன்னைப் பார்த்து, "மேல்குடிய ஆரு விளிச்சா?" என்று கேட்டேன். நீ லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "மெசேஜ் போட்டாச்சு, நீல டிக்கும் வந்துட்டும்மா. பின்ன வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?" என்றாய். நோட்டீஸை உன் மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நீக்கப்படப் போகிறவர்களில் உன் அப்பாவின் தங்கையும் இருந்தாள். அது மட்டும்தான் மனதில் ஓடியது.

மறுநாள் காலையில், மிளகுக் காரியத்தைத் திரும்பப் பேச ஒரு கூட்டம் என்று மேல்குடியை விளிக்க வள்ளம் ஏறினேன். நீ அவர்களோடு திரும்ப உட்கார்ந்து பேசுவாயா என்பதுகூட எனக்கு நிச்சயமில்லை. மழை விட்ட சமயம், ஏற்றம் முழுக்க அட்டை. முதல் வீடு அப்பாவின் அந்தத் தங்கை, உன் மாமி வீடு. முற்றத்தில் நின்றேன். மாமி வெளியே வந்து, உள்ள வா மைனி, சாயா குடி என்று கையைப் பிடித்தாள். விளிச்சிட்டுக் குடிக்கேன் என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. உன் மாமாவின் பெயரைச் சொல்லி விளித்தேன். அவர் வந்து வாசலில் நின்றார். என்னைப் பார்க்காமல் எதிரே மலையைப் பார்த்தார். ஒரு பெண் வந்து விளித்தால் அதற்குப் பதில் சொல்லலாமா என்பது அவர் இதுவரை யோசிக்க வேண்டி வராத கேள்வி. நானும் நின்றேன், அவரும் நின்றார். முழங்கால் வலித்தது. சும்மா திரும்புவதற்குப் பதில், உன் மாமியின் பெயரைச் சொல்லி விளித்தேன். கம்பெனியில் பங்கு அவள் பெயரிலும்தானே இருக்கிறது. மாமி ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். அந்த முற்றத்தில் அவள் பெயரை அப்படி யாரும் உரக்கச் சொல்லி அவள் கேட்டதில்லை. கேட்டேன் என்றாள். நல்ல சத்தமாகவே சொன்னாள். உன் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, நானும் கேட்டேன் என்றார். பிறகு மற்ற வீடுகளில் சிரமம் இருக்கவில்லை. எல்லா வீட்டிலும் இரண்டு பெயரையும் விளித்தேன்.

விஷயம் தெரிந்து நீ வீட்டுக்கு வந்து நின்றது நினைவிருக்கிறதா? "யாரக் கேட்டு நீ மேல போன?" என்றாய். "ஒருத்தரயும் கேக்கல்ல. கேக்கத்தான் போனேன்" என்றேன். நீ என்னோடு சண்டை போட்டாய், ஆனால் அந்த நோட்டீஸை அனுப்பவில்லை. கூட்டத்துக்கும் வந்து உட்கார்ந்தாய். இதை உன் கணக்கில் நான் எப்போதும் வைத்திருக்கிறேன்.

கேட்பது என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம் உண்டு. காதால் வாங்குவதும் கேட்பதுதான், வாயால் வினவுவதும் கேட்பதுதான். அன்றைக்குக் கூட்டத்தில் அது இரண்டும் நடந்தது. கேட்டேன் என்று சொன்னவர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் வந்துவிட்டது. முதலில் எழுந்தவள் உன் மாமி. "எனக்க மவளுக்கு நோவு கண்டப்போ கம்பெனி வரல்ல. அருமனைக்காரனுக்க ஜீப்புதான் அணைக்கரையில வந்து நின்னுது. அவனுக்கு இனி நல்லமிளகு இல்லன்னு எந்த மூஞ்சிய வச்சுச் சொல்லுவேன்?" என்றாள். அந்த மனிதர் காசு காட்டி யாரையும் இழுக்கவில்லை. எந்த நேரம் ஆள் அனுப்பினாலும் ஜீப் எடுத்துக்கொண்டு வருவார், அவ்வளவுதான். மிளகில் ஒரு பங்கை அவருக்கு ஒதுக்கிவிட்டு மீதியைக் கம்பெனிக்குத் தருகிறோம் என்றார்கள். கீழ்க்குடிக்காரர்கள் கத்தினார்கள். பேச்சு இருட்டும்வரை போனது. கடைசியில் மூட்டுக்காணி, அப்படியே இருக்கட்டு என்றார். உனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் எழுந்து போகவில்லை.

கொச்சிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. முழுவதும் இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம் என்று போய்விட்டார். மிளகைப் பிறகு குலசேகரத்தில் குறைந்த விலைக்குத்தான் விற்றோம். நீ அலைந்து திரிந்து கொண்டுவந்த ஆர்டர் கைநழுவிப் போனது. உன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. உனக்க விளியால போச்சு என்று நீ சொன்னது பொய்யில்லை. இதையெல்லாம் உன் மேடைப் பேச்சில் நீ சொல்லவில்லை. எல்லாரையும் அரவணைத்துப் போனோம், எல்லாருக்கும் லாபம் என்று கதை முடிந்துவிட்டது. லாபம் வரவில்லை, மக்கா. மேல்குடி கம்பெனிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான் வந்தது. அது போதுமா என்பதில் கீழ்க்குடியில் இன்றைக்கும் இரண்டு கட்சி.

இன்னொன்று. பழங்குடிகள் எல்லாரும் ஒருமனதாகத்தான் முடிவெடுப்பார்கள் என்றாய். எங்கே பார்த்தாய் அந்த ஒருமனதை? பாதிப்பேர் முறைத்துக்கொண்டுதான் எழுந்து போனார்கள். கேட்டேன் என்றால் சரி என்று அர்த்தமில்லை. நீ சொன்னது என் காதில் விழுந்தது, நான் இங்கே ஒரு ஆள் இருக்கிறேன், அதைத்தான் அந்தச் சொல் சொல்கிறது. இப்போது நீ பெரிய நிறுவனத்தில் மனிதர்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி. அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருப்பார்கள், ஒவ்வொரு மேசைக்கும் போய் நின்று விளிக்க உன்னால் முடியாது, அது எனக்கும் தெரியும். ஒருவன் முறைக்காமல், மறுக்காமல், பாக்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால், அவனை யார் இழுத்தார்கள் என்று தேடுவதற்கு முன்னால் அவனை நாம் விளித்தோமா என்று பார். இதற்குமேல் அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது.

மழை முடிந்ததும் நீ பெங்களூர் போய்விட்டாய். போனது தப்பென்று நான் சொல்லவே மாட்டேன். நீ படித்த படிப்புக்கு அதுதான் வேலை. ஆனால் போகிற அன்று நீ மூட்டுக்காணியிடமும் சொல்லவில்லை, மாமியிடமும் சொல்லவில்லை. வாட்ஸப் குழுவில் நாலு வரி போட்டுவிட்டுப் போனாய். அதிலும் ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. அதற்குப் பிறகு கம்பெனி தட்டுத் தடுமாறி நடக்கிறது. உனக்குக் கீழே வேலை பார்த்த பெண் பிள்ளைதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவளையே மானேஜராக்கலாமா என்று தீர்மானிக்கத்தான் இந்தக் கூட்டம்.

மூட்டுக்காணி என்னைக் கூப்பிட்டு, நீதான் இனி விளிக்காணி என்றார். பெண்ணுக்கு என்ன பெயர் சொல்வது, விளிக்காரியா, விளிக்கிற டீச்சரா என்று ஆளாளுக்குக் கேலி பண்ணினார்கள். காணி என்றால் ஆணுமில்ல பெண்ணுமில்ல, நம்ம ஆளு என்று ஒரே வார்த்தையில் அவர் முடித்துவிட்டார். அன்றைக்கே உன் பெயரும் வந்தது. அவன் போயிட்டான், வீடியோவில நம்மள வித்துட்டிருக்கான், அவனுக்கு எதுக்கு விளி என்று கீழ்க்குடியில் சிலர் கேட்டார்கள். உன் பங்கு இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் பங்கைப் பற்றிப் பேசவில்லை. விளியில் பெயர் விட்டுப்போனால் ஆள் விட்டுப்போனதாகத்தான் அர்த்தம். உனக்காகப் பேசினால் பெற்றவள் பேசுகிறாள் என்பார்கள், பேசாவிட்டால் உன்னை நானே வெட்டிவிட்டது போலாகிவிடும். மூட்டுக்காணியிடமே, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். "விளிக்கவா வேண்டாமான்னு நினைக்கது உனக்க வேலையில்ல டீச்சரே. விளிக்கதுதான் உனக்க வேலை. அவன் வந்தா வரட்டு" என்றார்.

அதனால் வருகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு விஷயம் தெரிந்துகொண்டேன் என்று மெசேஜ் போடாதே, அது செல்லாது. உன் கட்டிடத்து வாசலில் காவலுக்கு இருக்கிறவர் இன்டர்காமில் பேசச் சொல்வார். நான் பேச மாட்டேன். அங்கே முற்றம் இல்லை, அந்த இரும்புக் கதவுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மேடையில் உன்னை அறிமுகப்படுத்தியவர் சொன்ன அந்தக் குட்டிப் பெயரைச் சொல்லி விளிக்க மாட்டேன். உன் அப்பா வைத்த முழுப் பெயரைச் சொல்லி விளிப்பேன். உன் மனைவியின் பெயரையும் விளிப்பேன். அவளுக்குத் தமிழ் வராது, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிக்கொடுத்துவை. இல்லாவிட்டால் அவளே உனக்கு முன்னால் கேட்டேன் என்று சொல்லிவிட, உன் மாமா மாதிரி நீ தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

கூட்டத்துக்கு வா என்று நான் கெஞ்சப் போவதில்லை. அங்கே வேலையை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். மேடையில் பேசினதை மாற்றிப் பேசு என்றும் கேட்க மாட்டேன், அது உனக்கே தோன்ற வேண்டியது. ஒரு சொல் மட்டும் போதும். அது வரும்வரை நான் உள்ளே வரவோ வெள்ளம் குடிக்கவோ முடியாது, முறை அப்படி. எனக்குச் சர்க்கரை இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ரொம்ப நேரம் வெயிலில் நிற்க முடியாது. சத்தம் கேட்டதும் இறங்கி வா.

அம்மா